பச்சைக்கொடிக்கு முன்னால்

"முதல்ல எந்திரிங்கக்கா. எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல போய்ப் பேசிக்கலாம்."

பெண் காவலர் மூன்றாவது முறையாகக் கெஞ்சினாள். தண்டவாளத்தின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் அசைந்து கொடுக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பத்தடி பின்னால், பெயின்ட் வாசனை கூடப் போகாத புது ரயில் எண்ணூறு பேரை ஏற்றிக்கொண்டு முதல் ஓட்டத்துக்கு நின்றது. விழா மேடையில் பச்சைக்கொடி தயாராக இருந்தது.

பாதை போடுவதற்காக வீட்டை இடித்திருப்பார்கள், நஷ்டஈடு வந்து சேர்ந்திருக்காது என்று நினைத்தாள் காவலர். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது பெட்டியில் அவளுடைய கணவனும் மகளும் இருந்தார்கள். எப்பம்மா கிளம்பும் என்று மகள் ஜன்னல் வழியே இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

காலையிலிருந்து கண்ணில் பட்டவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த தலைமைப் பொறியாளர் ஓடி வந்தார். அந்த அம்மாளிடம் மட்டும் குனிந்து, "மேடம், பெருசு பண்ணாதீங்க" என்றார். ரயிலை ஓட்டலாம் என்ற அனுமதிக் கடிதத்தை விரித்துக் காட்டினார். அந்த அம்மாள் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கையெழுத்து இருக்கு. பிரேக் இருக்கா?"

பொறியாளரின் முகம் இறுகிப்போனது. தூக்கி அப்புறப்படுத்தும்படி காவலரிடம் சொல்லிவிட்டு மேடைப் பக்கம் விரைந்தார். காவலர் தோளைத் தொட்டதும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"தூக்கு. மறுபடி வந்து உக்காருவேன். ஆனா ஒண்ணைக் கேட்டுட்டுத் தூக்கு."

ஆட்கள் ஏறினால் என்ன பாரமோ, அந்தப் பாரத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, இறக்கத்தில் ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்த்தாயிற்று என்று அறிக்கையில் இருக்கிறது. ஆனால் நேற்று மாலை அவர் பணிமனைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அத்தனை மூட்டையும் வந்து இறங்கிய இடத்திலேயே கிடக்கிறது. சுற்றிலும் புல் முளைத்திருக்கிறது. காலையில் மேலிடத்தில் சொன்னதற்கு, விழா முடியட்டும் பார்க்கலாம் என்றார்களாம்.

காவலர் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். நேரே எஞ்சினுக்குப் போய் டிரைவரைக் கேட்டாள். அவர் மென்று விழுங்கினார். பிறகு, "பிரேக் சோதனைக்குக் காலி வண்டியைத்தான் ஓட்டச் சொன்னாங்க" என்றார். சொன்ன பிறகு அவரால் அங்கே உட்கார முடியவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

காவலர் மூன்றாவது பெட்டிக்கு ஓடிக் கணவனையும் மகளையும் இறக்கினாள். போலீஸ்காரியே தன் பிள்ளையை இறக்குவதைப் பார்த்த பிறகு யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எட்டுப் பெட்டியும் காலி. மேடையிலிருந்து பொறியாளர் போட்ட சத்தம் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

கோபத்தோடு அந்த அம்மாளிடம் திரும்பி வந்தாள்.

"இதுக்குக் கண்ணை மூடிக்கிட்டு அனுமதி குடுத்தவன் எவன்க்கா? அவனை இழுத்துட்டு வந்து இந்தத் தண்டவாளத்துல உக்கார வைக்கணும்."

அதுவரை நிமிர்ந்தே இருந்த அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரும் இழுக்க வேண்டாம்மா. நானே வந்து உக்காந்துட்டேன்."