பெயருக்குப் பக்கத்தில் முகம்

“ஜெபராஜ், என் போட்டோவை உடனே தூக்கிடுங்க!” என்று மூச்சிரைக்கக் கம்ப்யூட்டர் பிரிவுக்குள் நுழைந்தாள் இசைவாணி. இன்று முதல் கம்பெனி மெயில் ஒவ்வொன்றின் அடியிலும், அனுப்பியவரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் படமும் ஒட்டிக்கொண்டு போகும்.

“ஏன் மேடம்? பட்டுப்புடவையில ஜம்முனு இருக்கீங்களே.”

“அது வரன் பாக்க எடுத்தது. கைவசம் அதுதான் இருந்துச்சுன்னு கொடுத்துத் தொலைச்சேன்.”

“அதனால குடியா முழுகிடும்?”

“முழுகிடும். திருச்சி கிளை செவ்வேள் இருக்காருல்ல?”

ஜெபராஜ் சிரித்தான். ஸ்டாக் விவரம் கேட்டு செவ்வேள் அனுப்பும் மெயிலைப் படித்து இசைவாணி தனியாகச் சிரிப்பது அந்த மாடிக்கே தெரியும். ஒரு வருடமாக மெயில்தான், நேரில் பார்த்ததில்லை.

“காலையில அவர் போட்டோவோட மெயில் வந்துச்சு. முன்னாடி ஒரு தடவை தரகர் காட்டின அதே ஆளு! பேரைக்கூடக் கேக்காம வேணாம்னுட்டேன். என் போட்டோவும் அப்ப அவங்க வீட்டுக்குப் போயிருக்கு. இப்பப் பாத்தா, அந்தத் திமிர் பிடிச்சவ நான்தான்னு தெரிஞ்சிடும். அப்புறம் ஸ்டாக் விவரம் மட்டும்தான் வரும்.”

ஜெபராஜ் அவள் மெயிலைத் திறந்து பார்த்தான். “அவர் மெயில் வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு ஒண்ணு அனுப்பியிருக்கீங்க. போட்டோவோட போயிடுச்சு.”

அவள் கைபேசி சிணுங்கியது. செவ்வேளின் பதில். ஒற்றைக் கண்ணால் படிக்க ஆரம்பித்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள்.

“என் போட்டோவைப் பாத்துப் பதறியிருப்பீங்க. வேணாம் மேடம். அன்னிக்குத் தரகர்கிட்டேருந்து உங்க போட்டோவோட ஜாதகமும் வந்துச்சு, அதுல பேரும் இருந்துச்சு. நீங்க யாருன்னு முதல் மெயில்லயே எனக்குத் தெரியும்.”