திருத்தணிக்கு அனுப்பிய கேஸ்

"இதுக்குத்தான் சீமைக்குப் போயி படிச்சிட்டு வந்தானா என் புள்ள?"

உத்திரமேரூரில் மீரான் மைதீனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தார் ஏசுதாஸ்.

கடையில் இருந்தவர்களுக்கு ஆச்சரியம். மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்து யாரும் கேட்டதில்லை.

ஏசுதாஸ் திருப்புலிவனத்தில் கழனி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைத்தவர். மகன் ஞானதாஸ் இப்போது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூளை ஆப்பரேஷன் ஸ்பெஷலிஸ்ட். நயா பைசா வந்த புதிது அது. மண்டையைத் திறந்து மூளையில் கை வைக்கிற டாக்டர்களை நாட்டிலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏசுதாஸ் சந்தைக்குக் கத்திரிக்காய் வாங்கப் போனாலும் இந்தப் பேச்சை எடுக்காமல் திரும்ப மாட்டார். "மூளை வெண்ண மாதிரி கீதாம். கத்தி ஒரு நூலு நகுந்தா ஆளுக்குப் பேச்சு பூடும். என் புள்ளைக்கு நகுராது" என்பார். பாவம், கத்திரிக்காய்க்காரி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

"இன்னா ஆச்சுண்ணே?" என்றார் மீரான் மைதீன்.

"எங்க எதிர் வூட்டு சிட்டம்மா கீதே, அத்தக் கேளு."

சிட்டம்மாள் சங்கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்துப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அடுப்பில் பானை இருப்பது தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, புருஷன் வேதகிரி அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனான்.

ஞானதாஸ் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கைத் தொடச் சொன்னார். சிரித்துக் காட்டச் சொன்னார். தலையை எக்ஸ்ரே போட்டோ எடுப்பதற்கு முன்பே, "வலது பக்கம், நெத்திக்குப் பின்னால ஒரு கட்டி கீது யக்கா. எடுத்துட்டா பொழைச்சிக்குவே. வுட்டுட்டா கண்ணு போயிடும், அப்பறம் உசுரு" என்றார். போட்டோவும் அதையேதான் சொன்னது.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்று காலையில் சிட்டம்மாள் வேதகிரியை இழுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். ஏன் ஓடி வந்தாய் என்று யார் கேட்டாலும், "பயமா கீது" என்பதற்கு மேல் அவளிடமிருந்து பேச்சு வரவில்லை.

"அவ ஓடியாந்துட்டான்னு என் புள்ள நேத்து வேலைய வுட்டுட்டு காரு போட்டுக்கினு வந்தாம்பா" என்றார் ஏசுதாஸ். "வந்தவன் இன்னா சொல்லணும்? கௌம்பு ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லணும். இவன் இன்னா சொன்னான் தெரியுமா? திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கோ யக்கா. மொதல்ல போயி அந்த வேண்டுதல முடி. என் கார்லயே போ, அங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுன்றான். அவளும் சரின்னு ஏறிக் குந்திக்கினா."

டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது.

"மூளை டாக்டருக்கே முருகன் தொணை வேண்டிக்கீது பாரு" என்றான் எதிர் பெஞ்சில் இருந்த முனியன்.

ஏசுதாசுக்கு முகம் சுண்டிப்போனது. "வர்ற ஞாயித்துக்கெயம சர்ச்சுல பாதர் மூஞ்சில எப்பிடி முயிப்பேன்? கட்டி கீதுன்னு கண்டுபுடிச்சவனுக்கு, அத்த எடுக்க தெகிரியம் இல்லாம போச்சா?" என்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து, சிட்டம்மாள் பஸ்ஸிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் இறங்கி நடந்து வந்தாள். எதிரே வந்த ஏசுதாஸைப் பார்த்து, "இன்னா பெரிப்பா, சட்டை பட்டன மாத்திப் போட்டுக்கினு கீறே" என்றாள்.

ஏசுதாசுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில் அவர் வாயைத் திறப்பதற்குள் தெருப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"திருத்தணி மொட்டையா சிட்டம்மா?"

"ஆமா, முருகனுக்குக் குடுத்தேன். அவருதான் என் கண்ணத் தொறந்து வுட்டாரு."

தெருவெல்லாம் முருகன் பேச்சாகிவிட்டது. பொங்கல் வைத்து ஏசுதாஸ் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதை அப்படியே மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸ் ஊருக்கு வந்தபோது, சாப்பிடக்கூட விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, கத்தி புடிச்சது நீ. பேரு வாங்கிக்கினது முருகனா? அவள எதுக்குடா அங்க அனுப்புன?"

ஞானதாஸ் சிரித்தார். "நைனா, மூளை ஆப்பரேஷன்னா தலைய முழுசா மழிச்சிட்டுத்தான் ஆரம்பிப்போம். அன்னிக்கு வார்டு பார்பர் கத்திய எடுத்ததும்தான் அக்கா எழுந்து ஓடிச்சி. புருஷன் இருக்கறப்ப தலைய மழிச்சா அவரு உசுருக்கு ஆவாதுன்னு பயம். அத்த அவரு எதிர்ல வாயால சொல்லவும் பயம்."

"அதுக்கு?"

"எனக்கு முடி குடுத்தா அக்காவுக்கு அபசகுனம். முருகனுக்குக் குடுத்தா புண்ணியம். மழிச்ச தலையோட வந்திச்சி, நான் என் வேலைய பாத்தேன்."

ஏசுதாஸ் மகனுக்குத் தன் கையாலேயே சோறு போட்டார்.

மறுநாள் டீக்கடையில் முனியன் விடவில்லை. "இன்னா இருந்தாலும் சிட்டம்மாவ காப்பாத்துனது முருகன்தாம்பா" என்றான்.

"முருகன்தாண்டா. யாரு இல்லேன்னது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் ஏசுதாஸ். "ஆனா அந்தக் கேஸ அவருகிட்ட அனுப்பி வெச்சது என் புள்ள."