வலி தொடங்கிய நாள்

அவள் பெயரைக் கேட்க வேண்டியிருந்தது.

ஆறு வருடமாகத் தெரிந்தவள்தான். அவள் மகனுக்குப் பிசியோதெரபி கொடுக்கச் சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போய், அவள் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறாள் நஸ்ரின். யுகேஷ் அம்மா என்று கூப்பிட்டே பழகிவிட்டது. இப்போது அவளே நோயாளியாக வந்திருக்கிறாள், அட்டையில் எழுத ஒரு பெயர் வேண்டும்.

"வசந்தாமணிங்க," என்றாள் அவளாகவே.

வயது நாற்பத்தேழு. வலது தோள்.

யுகேஷ் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

ஸ்கேன் படத்தை நஸ்ரின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தோளின் தசைநார் பாதி கிழிந்திருந்தது. அறுவைசிகிச்சை வேண்டாம், பிசியோதெரபி போதும் என்று எலும்பு மருத்துவர் எழுதியிருந்தார்.

அட்டையில் அடுத்த வரி, வலி எப்போதிலிருந்து.

ஆடிப்பெருக்கு அன்று என்றாள் வசந்தாமணி. யோசிக்கவே இல்லை.

நஸ்ரின் எழுதினாள். மாதங்களை மனதுக்குள் எண்ணினாள். நான்கரை மாதம். அவற்றில் மூன்று மாதம் யுகேஷ் உயிரோடு இருந்தான்.

அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். பத்து வயதில் நடை நின்றது. இருபது வயதில் கைவிரல்கள் மட்டும் அசைந்தன. எடை ஐம்பத்திரண்டு கிலோ. அவன் கைகளை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியிலிருந்து அவனைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோவாள் அம்மா. பாட்டிலில் சிறுநீர் போக அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாகத் தூக்காதீர்கள் என்று நஸ்ரின் பலமுறை சொல்லியிருக்கிறாள். கூட யார் இருக்கிறார்கள் என்று அம்மா ஒருமுறையும் திருப்பிக் கேட்டதில்லை. சிரிப்பாள்.

வசந்தாமணி கட்டிலில் படுத்தாள். நஸ்ரின் ஒரு கையால் அவள் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் தாங்கிக்கொண்டாள்.

கனமில்லாத கை.

மெல்ல உயர்த்தினாள். தோள் மட்டம் வருமுன்பே நின்றுவிட்டது.

"வலிச்சா சொல்லுங்கம்மா."

அவள் சொல்லவில்லை. உதட்டின் மேல் வியர்த்திருந்தது.

கூரையைப் பார்த்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தாள். அன்றைக்குத் தூக்கும்போது தோளுக்குள் ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம். அவனைக் கீழே போடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த்தான் அழுதாள். வெறும் சுளுக்கு என்று அவனிடம் சொன்னாள். ஆனால் அவன் காது அவள் தோளில்தான் சாய்ந்திருந்தது.

"அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்குமுங்க."

காலையில் தையல் கம்பெனிக்குப் போகுமுன் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர்ப் பாட்டிலை அவன் வாய்க்கு எட்டுகிறாற்போல மாட்டிவிட்டுப் போவாள். அந்த நாளுக்குப் பிறகு மதியம் வந்து பார்த்தால் பாட்டில் நிறைந்தே இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மறுபடி ரொப்பிக் கொடுத்தார்கள் என்பான் அவன். கழிவறைக்குப் போகலாமா என்றால் வேண்டாம் என்பான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த அக்கா வந்திருந்தாள். பேச்சுவாக்கில் இவள் நன்றி சொன்னாள். அந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள்கூட அவள் பாட்டிலை ரொப்பிக் கொடுத்ததில்லை.

கை நஸ்ரினின் கைகளில் இருந்தது.

"பகல்ல அவன் என்னைக் கூப்புடறதே கொறஞ்சுதுங்க மேடம்," என்றாள் வசந்தாமணி. "எனக்கும் அது சவுகரியமா இருந்துதுங்க."

வெளியே பேருந்து ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு கேட்டாள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சளி இறுகுமா? ஆஸ்பத்திரியில் சளி இறுகி மூச்சடைத்துப்போனதாகத்தான் சொன்னார்கள்.

இறுகும். தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று முதல் வருடமே அந்த வீட்டில் சொன்னவள் நஸ்ரின்தான்.

அதனால் மட்டும் என்று சொல்ல முடியாது என்றாள். நுரையீரலைச் சுற்றியிருந்த தசைகளும் ஓய்ந்துவிட்டிருந்தன, நிறைய நாளாகவே என்றாள். அது பொய்யில்லை.

வசந்தாமணி தலையசைத்தாள். கூரையிலிருந்து பார்வையை இறக்கி, முதல்முறையாக நஸ்ரினின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானுங்களா?"

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. அவன் குதிகால் தசைநாரை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் நஸ்ரின். உதடு ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்று கேட்டாள். குடித்தால் அம்மா தூக்க வேண்டியிருக்கும், அதனால் தண்ணீர் குடிப்பதில்லை என்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். நஸ்ரின் திட்டினாள். நாளையிலிருந்து குடிக்கிறேன் என்று சத்தியம் செய்தான். இருபது வயதுப் பையன், அவன் பேச்சை மதிக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அடுப்படியிலிருந்து அம்மா காபியோடு வந்தபோது இருவரும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சொன்னான்மா," என்றாள் நஸ்ரின்.

வசந்தாமணி எப்போது என்றோ, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றோ கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

நஸ்ரின் அப்படியே நின்றாள். பயிற்சியைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. அவள் கையைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது.

வசந்தாமணி அதை இழுத்துக்கொள்ளவில்லை.