ரயில் பித்தன்

பொம்மை ரயிலுக்குத் தண்டவாளப் பாதை வரைய நல்ல மென்பொருள் தேடி, கணக்காளர் கணினியே கதியென்று கிடந்தார். வரைந்து முடித்ததும் ஹாலையே காலி செய்து ரயில் விடப்போவதாக அறிவித்திருந்தார்.

"இதுவும் உதவாதாம். வளைவெல்லாம் கோணலா வருதுன்னு நெட்ல விமர்சனம் போடுற 'ரயில் பித்தன்' எழுதியிருக்கார்."

"அவர் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றாள் மனைவி.

"மனுஷன் ஒவ்வொண்ணையும் பிச்சு உதறுறார்! அவர் இல்லன்னா ஏமாந்திருப்பேன். 'தடம்'னு இன்னொண்ணு இருக்கு, அதை நாளைக்கு வாங்கிடலாம்."

"எதுக்கும் அவர் என்ன சொல்றார்னு பார்த்துட்டு வாங்குங்க."

அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். செல்போனும் கையுமாகத் தங்கை காத்திருந்தாள்.

"அக்கா, 'தடம்' பத்தி ரயில் பித்தன் என்ன எழுதணும்?"

"சுரங்கத்துக்குள்ள போன ரயில் வெளியவே வரலைன்னு போடுடி."