புரியலை சார்!

"அப்பாகிட்ட மட்டும் கேட்டுடாதேடி!"

துணி மடித்துக்கொண்டிருந்த கணவனை ஓரக்கண்ணால் பார்த்தபடி, மகளின் பேனாவைப் பிடுங்கினாள் அம்மா.

இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தில் மகள் மாட்டிக்கொண்டது 'புட் அப் வித்' என்ற இடத்தில். அர்த்தம் சொல்லி, சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டுமாம்.

"பிடிக்காததைப் பொறுத்துக்கிறது. உங்கப்பாகூட இத்தனை வருஷமா குப்பை கொட்டுறேனே, அதுதான். அதையே வாக்கியமா எழுதிட்டேன், பாரு."

அப்பா சட்டைக் காலரை நீவிவிட்டுச் சிரித்தார்.

"அப்பாகிட்ட ஏன் கேக்கக்கூடாது?"

அவ்வளவுதான், அம்மாவுக்குக் கதை கிடைத்துவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரே சாயங்கால இங்கிலீஷ் கிளாஸ். மருந்துக்கடை மாடி, ஆடுற பெஞ்சு. அடடா, என்ன நாளுடி அதெல்லாம்! இவருக்கு அங்க பேரே 'ட்யூப்லைட்'. எதைச் சொன்னாலும் எழுந்து நின்னு 'புரியலை சார்'ம்பார். இந்த 'புட் அப் வித்'துக்கு மூணு தடவை! சார் சாக்பீஸையே விட்டெறிஞ்சார். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது."

"நீயும் சிரிச்சியாம்மா?"

"வயிறு வலிக்கச் சிரிச்சேன்! ஆனா ஒண்ணு. அதுல பாஸானாத்தான் எனக்கு ஹோட்டல் ரிசப்ஷன் வேலை. வீடே அந்த வேலையை நம்பித்தான் இருந்துச்சு. இவர் கேட்டுக் கேட்டு, சார் திரும்பத் திரும்பச் சொன்னதுல எல்லாம் எனக்கு மனசுல பதிஞ்சுபோச்சு. ட்யூப்லைட் புண்ணியத்துல பாஸ்!"

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "நிஜமாவே உங்களுக்குப் புரியலையாப்பா?"

"அர்த்தமெல்லாம் பள்ளிக்கூடத்துலயே தெரியும்மா. பேச்சுதான் வராது. அதுக்காகத்தான் போனேன்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேனா மூடி தானாகப் பல்லுக்குப் போனது.

"அப்புறம் ஏன் கேட்டீங்க?" என்றாள் மகள்.

அப்பா அடுத்த சட்டையை எடுத்து உதறினார்.

"பக்கத்து வரிசையில ஒரு பொண்ணு. ஒண்ணு புரியலைன்னா வாயைத் திறந்து கேக்க மாட்டா, அவ்வளவு கூச்சம். பேனா மூடியைக் கடிக்க ஆரம்பிச்சிடுவா. அவ கடிச்சா, உடனே எனக்கும் புரியாமப் போயிடும்."

அம்மா வாயிலிருந்த மூடியை மெல்ல எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அந்த வாக்கியத்தை அடிச்சிடுடி. பொறுத்துக்கிட்டது நானில்லை."