நான் கேட்டு வாங்கிய சுவர்

"குழாய் முனையை அவ்வளவு கிட்டப் பிடிக்காதய்யா, சிமெண்ட்டே பேந்துடும்!" தண்ணீரை அழுத்திப் பீய்ச்சும் பம்ப்பை இயக்கிக்கொண்டிருந்த கூட்டாளி கத்தினான்.

"பேரட்டும்," என்றேன்.

பேருந்து நிலையச் சுவரில் என் மனைவியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பு ஓர் ஓவியன் வரைந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன், வயிறு எரியும். சுவரைக் கழுவ உத்தரவு வந்ததும், எங்கள் நகராட்சி அதிகாரியிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக்கொண்டேன்.

தள்ளி நின்று அடித்திருந்தாலே பெயிண்ட் போயிருக்கும். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவன் தூரிகை போன கோடுகளிலேயே தண்ணீரைப் பீய்ச்சி இழுத்தேன். கண், மூக்கு, அந்த உதடு. வண்ணமெல்லாம் சாக்கடைக்குப் போனது. ஈரச் சுவரில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மாலை அவளைப் பெருமையாக அழைத்துப் போனேன். சுவர் காய்ந்திருந்தது. சாய்ந்த வெயிலில் கோடுகளெல்லாம் பள்ளமாக நிழல் கட்டி, அதே முகம் அரை விரற்கடை ஆழத்தில் சிரித்தது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்க மூஞ்சி தினமும் வாடுறதைப் பார்த்துட்டு, இதை அழிக்கச் சொல்லி மூணு தடவை மனு எழுதிப் போட்டதே நான்தாங்க! அவன் பெயிண்ட்லதானே வரைஞ்சான்? நீங்க செதுக்கியே வெச்சுட்டீங்களே!"