வெயில் குடிக்கும் வாட்ச்

"இன்னைக்கு எத்தனை பேர் அழுதுட்டுத் திரும்பிப் போகப் போறாங்களோ!" என்று முணுமுணுத்தபடி காவலாளி கேட்டின் ஒரு பக்கக் கதவை இழுத்துச் சாத்தினார்.

தேர்வு நாள். வெளியே குடையும் கையுமாகப் பெற்றோர் கூட்டம். மாடி வராந்தாவில் விநாடி மேடம்.

தேர்வு மையத்தின் கண்காணிப்பாளர் அவர். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, இங்கே எல்லோருக்கும் விநாடி மேடம்தான். எல்லாம் அவர் கட்டியிருக்கும் வாட்ச் செய்த வேலை.

"இதுக்கு பேட்டரி மாத்த வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம். வெயிலைக் குடிச்சே ஓடும். தினமும் எங்கேயோ இருக்கிற டவர்ல இருந்து ரேடியோ சிக்னல் வாங்கித் தன்னைத்தானே சரி பண்ணிக்கும்" என்று பெற்ற பிள்ளையைப் போல அதன் பெருமை பேசுவார். கேட்டுக் கேட்டுக் காவலாளிக்கு மனப்பாடம்.

செல்போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஹால் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டும். ஆகவே இந்த மையத்தில் மேடம் கையை உயர்த்தினால் கேட்டைப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அதன் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. மனுஷிக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்பது காவலாளியின் முடிவு.

இன்றைக்கு மேடத்தின் கை இன்னும் உயரவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கிறே? நேரமாச்சு. பூட்டு!"

தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த அதிகாரி அதட்டினார். காவலாளி தன் பழைய வாட்ச்சைப் பார்த்தார். அதுவும் அப்படித்தான் சொன்னது. மறுபக்கக் கதவையும் சாத்திவிட்டுப் பூட்டைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் ஒரு பெண் தலை தெறிக்க ஓடி வந்தாள். உடம்பெல்லாம் மழைத்தண்ணீர்.

"ஐயா, பூட்டிடாதீங்க!"

அதிகாரி குறுக்கே நின்றார். "நேரம் முடிஞ்சுபோச்சும்மா. அடுத்த வருஷம் பார்த்துக்கோ."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் சார். ஆஸ்பத்திரியில உதவியாளரா இருக்கேன். நர்ஸ் படிப்புல சேர எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. டியூட்டி மாத்த வர வேண்டிய அக்கா வரவே இல்ல. நோயாளிங்களை அப்படியே போட்டுட்டு எப்படி சார் ஓடி வர்றது?"

"ஆளுக்கொரு கதை! கதையெல்லாம் வாட்ச் கேட்காதும்மா."

காவலாளி பூட்டை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டிலும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் பூட்டுக்கு இதெல்லாம் தெரியுமா?

"அங்க என்ன சத்தம்?"

ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு மேடம் படியிறங்கி வந்தார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று காவலாளி நினைத்தார்.

"இந்தப் பொண்ணு லேட் மேடம்" என்றார் அதிகாரி.

"யார் சொன்னா?"

"என் வாட்ச்."

மேடம் ஸ்வெட்டர் கையை லேசாக விலக்கி, குனிந்து பார்த்தார். நிதானமாக நிமிர்ந்தார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே!"

அதிகாரி தன் வாட்ச்சைத் தூக்கிக் காட்டினார். "மேடம், இது வெளிநாட்டுல வாங்கினது..."

"எங்கே வேணா வாங்கியிருங்க. டவர்கிட்ட கேட்டு நேரத்தைச் சரி பண்ணிக்குமா?"

"அது... இல்ல மேடம்."

"என்னோடது பண்ணிக்கும். சந்தேகம்னா நீங்களே பார்த்துடுங்க." மேடம் ஸ்வெட்டர் கையை மடிக்கத் தொடங்கினார்.

"ஐயையோ, வேண்டாம் மேடம்! உங்க வாட்ச்சைப் பத்தித்தான் எங்க ஆபீஸே பேசுதே. என்னோடதுதான் வேகமா ஓடுது போல."

"அப்புறம் என்ன வேடிக்கை? திறங்க கேட்டை!"

காவலாளி தள்ளிய வேகத்தில் கேட் சுவரில் போய் மோதியது. அந்தப் பெண் உள்ளே பறந்தாள். பெற்றோர் கூட்டம் கைதட்டியது. யாரோ ஒருவர் விசில்கூட அடித்தார். தானே பரீட்சை எழுதித் தேறிவிட்டதுபோலக் காவலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

மேடம் கையை உயர்த்தினார். கேட் பூட்டப்பட்டது. அதிகாரி டீ குடிக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தூறல் நின்று, வெயில் எட்டிப் பார்த்தது. மேடம் கேட்டருகே வந்து வெயிலில் நின்றார். காவலாளி தன் வாட்ச்சைக் கழற்றி, அதன் திருகை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், சரியான நேரம் சொல்லுங்க. என்னோடதும் வேகமா ஓடுது. பின்னால தள்ளி வச்சுக்கறேன்."

"அதைத் தொடாதீங்க. அது சரியாத்தான் ஓடுது."

"எப்படி மேடம்? உங்க வாட்ச் அப்போ..."

மேடம் ஸ்வெட்டர் கையை முழங்கை வரை மடித்து, மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினார். வாட்ச்சின் டிஜிட்டல் திரையில் ஒரு எண்கூட இல்லை.

"வாரம் பூரா மழை. அதுக்கு மேல இந்த ஸ்வெட்டர். வெயிலே படாம முந்தாநேத்தே அணைஞ்சுபோச்சு" என்றார் விநாடி மேடம்.